ஓராண்டில் மிசி, ஒன்றரை நூற்றாண்டில் மருந்து

மலையகத்துப் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி இன்றைக்கு மிகுந்த கவலையோடு இருப்பவை பஸ் நிலையச் சுவர்கள்தான். நுவரெலியா, ஹட்டன், ராகலை என்று எங்கே இறங்கினாலும் அவை நம்மைக் கூப்பிட்டுப் பேசுகின்றன. அந்தச் சுவரொட்டிகளைப் பிழிந்தால் வரும் சாறு இவ்வளவுதான்: "ஒரே வருடத்தில் தாதியர் பட்டம். சர்வதேச அங்கீகாரம். வகுப்பு சனி, ஞாயிறு மட்டும். உயர்தரம் சித்தியடையாதவர்களும் சேரலாம். இலகு தவணை. லண்டன், கனடா, துபாயில் வேலை." பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய ஒரு பெண் பல் தெரியச் சிரிக்கிறாள். இரவு டியூட்டி என்ற ஒன்றை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிகிறது.

வலப்பனைப் பக்கம், ராகலை, ஹல்கரனோயா, உடப்புசல்லாவை மலைகளில் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு டவுனுக்கு வரும் தாய் அந்தச் சுவரைப் பார்க்கிறாள். வாசிக்க வராவிட்டால் மகள் வாசித்துக் காட்டுகிறாள். மிசி, அதாவது தாதி, என்றால் யார் என்று அந்தத் தாய்க்கு நன்றாகத் தெரியும். பிரசவ வார்ட்டில் தன்னை அதட்டியவள். அதட்டியது என்னவென்று புரியவில்லை, ஏனென்றால் அது தமிழில் இல்லை. தன் மகள் அதே வெள்ளைச் சீருடையில் நின்று, தன்னைப் போல வலியில் துடிக்கும் ஒருத்தியிடம் "பயப்படாதீங்கம்மா" என்று சொல்லவேண்டும் என்று அவள் கனவு காண்கிறாள். இந்த நாட்டில் இதைவிட நியாயமான கனவு கிடையாது. அதனால்தான் அதற்கு இவ்வளவு விலை வைத்திருக்கிறார்கள்.

விலையைக் கொஞ்சம் கணக்குப் போடுவோம். கட்டணம் பத்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று ஒரு வர்த்தமானி வந்தது. பெருந்தோட்டக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குப் போயின. வர்த்தமானி வந்த வழியே திரும்பிப் போனது. அதே ஆண்டு செப்டெம்பரில் 1,350 என்று இன்னொன்று வந்தது. பத்து லட்சத்தை அந்த 2024ஆம் ஆண்டுச் சம்பளமான 1,350ஆல் வகுத்தால் 740 நாட்கள். மாதத்துக்கு 25 நாள் வேலை கிடைத்து, அந்த 25 நாளும் நிறை குறையாமல் கொழுந்து பறித்து, வீட்டில் ஒருவரும் சோறு தின்னாமல் இருந்தால், இரண்டரை வருடத்தில் கட்டணம் சேர்ந்துவிடும். பட்டத்துக்கு ஒரு வருடம், பணத்துக்கு இரண்டரை வருடம். இந்தத் திட்டத்தில் உண்மையாகவே துரிதப்படுத்த வேண்டியது சம்பளம் என்று எந்தப் பேராசிரியரும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

"துரிதப் பட்டம் உலகம் முழுக்க இருப்பதுதானே, மலையகத்துக்கு வந்தால் மட்டும் ஏன் எரிச்சல்?" என்று கேட்பார்கள். இருக்கிறதுதான். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971லேயே துரிதத் தாதியர் பட்டத்தைத் தொடங்கியது. இன்று அந்த நாடெங்கும் பதினொரு மாதத்திலிருந்து பதினெட்டு மாதத்தில் முடியும் பாடநெறிகள் உண்டு. ஆனால் யாரைச் சேர்க்கிறார்கள்? வேறொரு துறையில் ஏற்கெனவே பட்டம் எடுத்தவரை. உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், புள்ளிவிபரவியல் என்று கேட்ட பாடங்களைத் தாண்டி வந்தவரை. சேர்ந்தபின் அவருக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. வார்ட்டில் நின்று பழக வேண்டிய மணித்தியாலங்களில் சலுகை கிடையாது. முடித்து வந்தால், நான்கு வருடம் படித்தவர் எழுதும் அதே உரிமப் பரீட்சையைத்தான் இவரும் எழுதவேண்டும். அங்கே சுருக்குவது விடுமுறையை.

நம் நாட்டிலும் நேர்மையான குறுக்குப்பாதை இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சி முடித்து வேலையில் இருக்கும் தாதியர், வேலையை விடாமலே பட்டம் பெற 1990களிலேயே திறந்த பல்கலைக்கழகம் வழி செய்தது. பேராதனை, யாழ்ப்பாணம், ஸ்ரீ ஜயவர்தனபுர, கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நான்கு வருடப் பட்டமே உண்டு. டிப்ளோமா முடித்தவரை மேலும் ஒரு வருடம் படிக்கவைத்துப் பட்டதாரியாக்கும் வெளிநாட்டுப் பாடநெறிகளிலும் ஒழுங்கானவை இருக்கின்றன. அவர் ஏற்கெனவே மூன்று வருடம் நோயாளியின் கட்டிலருகே நின்றவர். அந்த ஒரு வருடம் அவருடைய வீட்டுக்குப் போடும் கூரை. நம் சுவரொட்டிக்காரரும் விற்பது அதே கூரையைத்தான், அத்திவாரமும் சுவரும் இல்லாதவர்களுக்கு. தேர்தலுக்குத் தேர்தல் கூரைத்தகரம் வாங்கிப் பழகிய சனம் இதையும் வாங்கும் என்பது வியாபாரிக்குத் தெரியாதா?

இன்னொரு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுப் பராமரிப்புத் தாதி ஒருவருக்குக் குறைந்தது மூன்று வருடமும் 4,600 மணித்தியாலமும் பயிற்சி வேண்டும். அதில் பாதியாவது நோயாளிகளோடு இருக்கவேண்டும் என்பது சட்டம். சனியும் ஞாயிறும் எட்டு மணித்தியாலப்படி, தீபாவளிக்கும் தைப்பொங்கலுக்கும் லீவு எடுக்காமல் 52 வாரம் படித்தால் 832 மணித்தியாலம் வரும். 4,600ஐ எட்ட ஐந்தரை வருடம் ஆகும். ஐந்தரை வருடத்தை ஒரு வருடத்துக்குள் மடித்துவைக்கும் இந்த வித்தையை ஐன்ஸ்டைன்கூட அறிந்திருக்கமாட்டார்.

இன்னும் துரிதமாக முடித்தவர்களும் உலகத்தில் உண்டு. 2023 ஜனவரியில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 25 பேர்மீது வழக்குப் போட்டார்கள். மூன்று தாதியர் கல்லூரிகள் வழியாக ஏறத்தாழ 7,600 போலிச் சான்றிதழ்கள் விற்பனையாகியிருந்தன. வகுப்பும் இல்லை, வார்ட்டும் இல்லை. வாங்கியவர்களில் ஏறத்தாழ 2,400 பேர் உரிமப் பரீட்சையிலும் தேறிவிட்டார்கள் என்பது கேட்பவரின் வயிற்றைக் கலக்கும் செய்தி. அந்த விசாரணைக்கு அதிகாரிகள் வைத்த பெயர் ஒப்பரேஷன் நைட்டிங்கேல். விளக்கேந்திய அந்த அம்மையார் இருந்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் போயிருப்பார்.

பட்டத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பட்டம் உயிர் காக்கும் என்பதற்குச் சான்று உண்டு. லின்டா எய்கனும் கூட்டாளிகளும் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 வைத்தியசாலைகளில் ஆராய்ந்து, 2014இல் லான்செட் இதழில் எழுதினார்கள். தாதியரில் பட்டதாரிகளின் பங்கு பத்து சதவீதம் கூடினால், சத்திரசிகிச்சைக்குப்பின் முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு ஏழு சதவீதம் குறைகிறது. ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் அதே வாய்ப்பு ஏழு சதவீதம் ஏறுகிறது. நோயாளியைக் காப்பது சுவரில் மாட்டிய சட்டகம் இல்லை, அந்தச் சட்டகத்துக்குப் பின்னால் கழிந்த வருடங்கள். வருடங்களைக் கழித்துவிட்டுச் சட்டகத்தை மட்டும் தருகிறவனை எங்கள் லயக் குடியிருப்பில் வேறொரு பெயர் சொல்லி அழைப்பார்கள். இங்கே எழுத முடியாது.

சேர்க்கை அலுவலகம் எப்படி இருக்கும் என்று ஒரு காட்சியைக் கற்பனை செய்துபார்ப்போம். நுவரெலியாக் குளிரில் ஏசி ஓடுகிறது; சர்வதேசம் என்றால் சும்மாவா? கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர், முன்னால் தாயும் மகளும்.

"உட்காருங்கம்மா. மகளுக்கு ஓ.எல். சரிதானே?"

"கணக்குல போயிருச்சுங்க சேர்."

"அது பரவாயில்ல. முதல்ல ஃபவுண்டேஷன். பிறகு டிப்ளோமா. பிறகு டிகிரி."

"ஒரு வருஷம்னு எழுதியிருந்துச்சே?"

"டிகிரி ஒரு வருஷம்தான் அம்மா. மத்ததெல்லாம் டிகிரிக்கு முந்தி வர்றது."

"எல்லாம் சேத்து எத்தன வருஷங்க?"

"அது பிள்ளையோட கெட்டித்தனம். நீங்க கட்ட கட்ட அவ படிப்பா."

"பழகுறதுக்கு எந்த ஆஸ்பத்திரிங்க சேர்?"

"எங்ககிட்ட பொம்மை இருக்கு. வெளிநாட்டுப் பொம்மை. எத்தன தரம் ஊசி குத்தினாலும் கத்தாது."

"படிச்சு முடிச்சா நம்ம ஆஸ்பத்திரியில, கவர்மெண்டு வேல கெடைக்குமா?"

"ஏன் அம்மா கவர்மெண்ட்? நாங்க இன்டர்நேஷனல்."

பிறகு தம்பி இரண்டே இரண்டு விபரம் கேட்கிறார். அப்பாவின் ஈ.பி.எஃப். எப்போது வரும்? காதிலே போட்டிருப்பது எத்தனை பவுன்?

"நாங்க இன்டர்நேஷனல்" என்ற அந்த ஒரு வாக்கியத்துக்குள் ஒரு சட்டம் புதைந்து கிடக்கிறது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தாதியர் சபைச் சட்டம். இந்த நாட்டில் ஒருவர் தாதியாக வேலை செய்யவேண்டுமானால் அந்தச் சபையின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கவேண்டும். எந்தச் சுவரொட்டியிலாவது அந்தச் சபையின் பெயரைத் தேடிப்பாருங்கள். துபாய் இருக்கும், கனடா இருக்கும், இலங்கை இருக்காது.

அங்கே படித்து முடித்த பிள்ளை என்ன ஆகிறாள்? கொழும்பில் ஏதோ ஒரு தனியார் வைத்தியசாலையில் கலர் சீருடையோடு நிற்கிறாள். நோயாளி அவளை "நேர்ஸ்" என்று கூப்பிடுகிறார், மேலாளர் "ஹெல்பர்" என்று சம்பளம் போடுகிறார். கட்டில் விரிப்பு மாற்றுகிறாள், மலச்சட்டி எடுக்கிறாள், ஆறு பேர் அறையில் படுத்து எழும்புகிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது தோட்டமே "மிசி வந்திட்டா" என்கிறது. அவளும் சிரிக்கிறாள். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? அடகுக் கடையில் அம்மாவின் தோடு இருக்கிறதே.

பட்டமளிப்பு விழாவுக்கு மட்டும் குறையே கிடையாது. வாடகைக்கு அங்கி, வாடகைக்குத் தொப்பி, வாடகைக்கு மண்டபம். பிரதம விருந்தினரும் வாடகைக்குத்தான். மாதாமாதம் நம் சம்பளத்தில் சந்தா வெட்டும் தொழிற்சங்கத்துக்காரர் பொன்னாடையோடு மேடையேறுகிறார். "எமது மலையகச் சமூகம் கல்வியில் பாய்ச்சல் கண்டுவிட்டது" என்கிறார். அவருடைய பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்காதீர்கள். அது நிச்சயமாக சனி, ஞாயிறு வகுப்பில் இல்லை.

இந்த வியாபாரிகள் வானத்திலிருந்து குதித்தவர்கள் அல்லர். நமக்குக் கிடைப்பதெல்லாம் அரையாகக் கிடைக்கும் ஒரு மரபு மலையில் இருக்கிறது. அவர்கள் அந்த மரபின் கடைசி வாரிசுகள். 1872இல், கோப்பிக் காலத்தில், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று வெள்ளைக்காரன் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டுவந்தான். சாகிறவர்கள் அதிகமானால் கோப்பி பறிக்க ஆள் இருக்காது என்ற கருணைதான். அன்றிலிருந்து தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர் டாக்டர் இல்லை, "டாக்டர் ஐயா". பலருக்கு முறையான வைத்தியப் படிப்பு கிடையாது. தோட்ட மருத்துவ உதவியாளர் என்பது ஏட்டில் உள்ள பெயர். அவரை நான் பழிக்கமாட்டேன். இரவு இரண்டு மணிக்குத் தட்டினால் திறந்த கதவு அவருடையதுதான். பழிக்க வேண்டியது, அவர் ஒருவரே போதும் என்று தீர்மானித்தவர்களை. பிரசவ வலி வந்தவளுக்கு வாகனம், தேயிலை ஏற்றுகிற லொறி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வேண்டும் என்று கேட்டோம். 2010களின் நடுவில் ஆசிரியர் உதவியாளர் என்று மூவாயிரம் பேருக்குமேல் நியமித்து, மாதம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். முழு வகுப்பு, முழு நாள், முழுப் பாடத்திட்டம். சம்பளம் மட்டும் உதவி. அரை டாக்டர், அரை ஆசிரியர், அரைப் பேர். இப்போது அந்த வரிசையில் அரை மிசி.

முழு மிசியாக நாம் ஏன் வரவில்லை என்று கேட்கும் கனவான்களும் இருக்கிறார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர்கள் ஆக்கியது. அரசாங்க வேலைக்குப் பிரஜாவுரிமை வேண்டும். அரசாங்க வைத்தியசாலைத் தாதி அரசாங்க ஊழியர். ஆக, ஒரு தோட்டத்துப் பெண் எத்தனை கெட்டிக்காரியாக இருந்தாலும் அந்த வார்ட்டுக்குள் நோயாளியாக மட்டுமே நுழையலாம். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்து அந்தக் கதையை முடித்த சட்டம் வந்தது 2003இல். 55 வருடம். அந்த 55 வருடத்தில் இரண்டு தலைமுறை மிசிமார் கொழுந்து பறித்தே கிழவிகளானார்கள்.

நமக்கு எது எவ்வளவு வேகத்தில் வந்தது என்று ஒரு பட்டியல் போட்டால் இந்த ஒரு வருடப் பட்டத்தின் அதிசயம் விளங்கும். தேயிலையைக் கொண்டுபோக ராகலை வரை சின்ன ரயில்பாதை போட்டது 1904இல். நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது 1945இல். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில். தோட்ட வைத்தியசாலைகளை அரசு எடுக்கும் என்று 1990களில் சொன்னார்கள். கொஞ்சம் எடுத்தார்கள், மிச்சத்துக்கு இன்னும் கூட்டம் போடுகிறார்கள். 1999இல் வலப்பனை உட்பட நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் 12 பிரதேச செயலாளர் பிரிவுகளை இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தினார்கள். பெயர்ப்பலகை தமிழ் பேசத் தொடங்கிவிட்டது. அதன் கீழே உட்கார்ந்திருக்கும் மிசி பேசுவாரா என்பது நம் அதிர்ஷ்டம். கிழவிக்கு மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கேட்டுச்சொல்ல, பக்கத்துக் கட்டில்காரியின் பேத்தியைத் தேடவேண்டும்.

கட்டடம் மட்டும் வேகமாக வரும். 2017 மே மாதம் 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடியே வந்து, இந்திய நிதியில் கட்டிய 150 கட்டில் கொண்ட டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைத் திறந்துவைத்தார். நல்ல காரியம், நன்றி. கட்டிலுக்கு நாடா கட்டலாம், வெட்டலாம், படமெடுக்கலாம். கட்டிலருகே நிற்க வேண்டிய தமிழ் தெரிந்த தாதியை நாடா வெட்டி உண்டாக்க முடியாது. அதற்கு அவள் பதினாறு வயதில் இருக்கும்போதே ஒரு விஞ்ஞான ஆய்வுகூடமும் ஓர் உயிரியல் ஆசிரியரும் வேண்டும்.

முடிச்சு விழுந்திருப்பது அங்கேதான். அரசாங்கத் தாதியர் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது. பயிலும் மூன்று வருடமும் கொடுப்பனவுகூடத் தருகிறார்கள். ஆனால் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்துத் தேறியவர்களைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடங்களில் விஞ்ஞானப் பிரிவு உள்ளவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. இருக்கும் இடத்திலும் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் வாங்கிப் போயிருப்பார். பின்தங்கிய மாவட்டம் என்று நமக்குப் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியில் சலுகை தந்தார்கள். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து பதிந்து பரீட்சை எழுதி அதையும் அள்ளிக்கொண்டு போகும் கதை ஊரறிந்தது. ஆக, நம் பிள்ளைக்குக் கலைப்பிரிவு. கலைப்பிரிவு படித்தவளுக்கு அரசாங்கக் கதவு அநேகமாக மூடல். மூடிய கதவுக்கு எதிரே சுவரொட்டி. இலவசமாகக் கிடைக்க வேண்டியதைக் கிடைக்காமல் செய்வது அரசு. கிடைக்காததை விலைக்கு விற்பது வியாபாரி. இவர்கள் இருவரும் கூட்டு இல்லை என்றால் நம்பலாம், கூட்டாளிகளுக்குக்கூட இத்தனை ஒற்றுமை வராது.

நாட்டில் தாதியர் மிதமிஞ்சியா இருக்கிறார்கள்? 2022இல் கஜானா காலியானபோது 14/2022 என்ற பொது நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. அரசாங்க ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத விடுமுறையில் வெளிநாடு போகலாம், டொலர் அனுப்புங்கள் என்றது. பயிற்சி பெற்ற தாதியரும் போனார்கள், போகவைத்தார்கள். முழு மிசியை ஏற்றுமதி செய்துவிட்டு அரை மிசியை உள்ளூருக்குத் தயாரிக்கும் இந்தப் பொருளாதாரம் நமக்குப் புதிதில்லை. முதல்தரத் தேயிலை கப்பலேற, தூள் நமக்கு மிஞ்சுகிற மலையில் பிறந்தவர்கள் நாம்.

என்றாலும் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறேன் என்ற பழி எனக்கு வேண்டாம். துரிதம் நல்லது என்று சொல்கிறவர்களுக்காகச் சில யோசனைகளைத் தாழ்மையுடன் முன்வைக்கிறேன்.

ஒன்று: ஒரு வருடத்தில் படித்த தாதியர் அனைவரையும் முதல் பத்து வருடத்துக்கு அமைச்சர்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், பெருந்தோட்டக் கம்பனிப் பணிப்பாளர்கள் ஆகியோரின் உடம்புக்கே ஒதுக்கவேண்டும். நரம்பு தேடி நான்கு இடத்தில் குத்தினாலும் அவர்கள் பொம்மையைப் போல் கத்தாமல் இருந்து முன்மாதிரி காட்டவேண்டும்.

இரண்டு: பாடநெறியை மேலும் சுருக்கலாம். காலையில் பதிவு, பகலில் விரிவுரை, மாலையில் பட்டமளிப்பு, இரவு ரயிலில் ஊர். அங்கி வாடகை ஒரு நாளோடு முடியும்.

மூன்று: வேகத்தை எல்லாத் துறைக்கும் நீட்டவேண்டும். ஒரு வருடத்தில் தாதி என்றால், ஒரு வருடத்தில் தோட்ட வைத்தியசாலைகள் அனைத்தும் அரசுக்கு. ஒரு வருடத்தில் லயம் ஒழிந்து காணியோடு வீடு. ஒரு வருடத்தில் வலப்பனைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞானப் பிரிவு. இவற்றுக்கு மட்டும் "கட்டம் கட்டமாக" என்று சொல்லக்கூடாது.

நான்கு: கட்டணத்தையும் அரையாக்கவேண்டும். அரைப் படிப்புக்கு அரைக் காசு. தோட்டத்தில் நிறை குறைந்தால் அப்படித்தானே கணக்குப் பார்க்கிறீர்கள்?

சிரித்துவிட்டீர்கள் என்றால் போதும், இனிச் சிரிக்க முடியாத விஷயம். 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குரன்கெத்தையிலும் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டுப் பாதைகளைத் துண்டு துண்டாக வெட்டியது. பாதை அறுந்தால் கொழும்பிலிருந்து ஒரு மிசியும் வரமாட்டார். அன்றைக்கு இன்சுலின் போடவும், காயம் கட்டவும், பனிக்குடம் உடைந்தவளைப் பார்க்கவும் அந்த மலையிலேயே பிறந்த ஒருத்தி இருக்கவேண்டும். அவள் வேலை தெரிந்தவளாகவும் இருக்கவேண்டும். தப்பான மருந்தைத் தமிழில் கொடுத்தாலும் சாவு சாவுதான்.

ஆகவே கேட்க வேண்டியதை முழுதாகக் கேட்போம். ராகலையிலும் உடப்புசல்லாவையிலும் உயிரியலும் இரசாயனவியலும் தமிழில் கற்பிக்க, இடமாற்றம் வாங்காத ஆசிரியர் வேண்டும். கண்டிக்கும் பதுளைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் அலையாமல் படிக்க, நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இடமுள்ள முழுமையான அரசாங்கத் தாதியர் கல்லூரி வேண்டும். உயர்தரத்தில் கலை படித்தவளுக்கு ஒரு பாலம் வேண்டுமானால் அதை அரசு கட்டட்டும்: முதலில் விஞ்ஞானம், பிறகு மூன்று வருடம், குறைவில்லாத வார்ட் பயிற்சி, இறுதியில் எல்லோருக்கும் உள்ள அதே பரீட்சை. ஏமாற்றுப் படிப்பை விற்கிறவர்மீது வழக்குப் போட ஏற்கெனவே உள்ள சட்டம் போதும். போடுவதற்கு ஒரு முதுகெலும்பு மட்டும் தேவை. சந்தா வாங்கும் சங்கங்கள் அடுத்த பட்டமளிப்பு மேடைக்குப் போகும் முன் அந்தக் கல்லூரியின் பதிவைக் கேட்டுப் பார்க்கட்டும். பார்க்காமல் பொன்னாடை போர்த்துக்கொண்டால், அந்தத் தாயின் தோட்டில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது என்றுதான் எழுதுவேன்.

அம்மாமார்களே, அக்காமார்களே, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. மகளை மிசியாக்கும் ஆசையை விட்டுவிடாதீர்கள். ஆனால் காசு கட்டும் மேசையில் உட்கார்ந்ததும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "இதைப் படித்து முடித்தால் இலங்கைத் தாதியர் சபை என் பிள்ளையைப் பதிவுசெய்யுமா?" ஆம் என்றால், "அதை உங்கள் கடிதத்தாளில், முத்திரை வைத்து, கையொப்பம் போட்டுத் தாருங்கள்" என்று சொல்லுங்கள். அதைக் கொண்டுபோய் அந்தச் சபையிடமே காட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு வாருங்கள். எழுதித் தரத் தயங்கும் கையில் ஒரு சதமும் வைக்காதீர்கள்.